ஒரே வீட்டில் ஐந்து பேருக்கு இருமல், இரண்டு பேருக்கு நிமோனியா: இது ஒட்டிக்கொள்ளும் நோயா?

ஆனைக்கா மருமகள்
செப்டம்பர் 20, இரவு 10.40

ஊறுகாய், வடகம் இழைகளைத் தாண்டி நான் இந்த இணைய மன்றத்தில் எழுதியதில்லை. இன்று எழுத வைத்தது இருமல். என் இருமல் மட்டும் என்றால் கஷாயத்தோடு விட்டிருப்பேன். இது வீட்டின் இருமல்.

திருவானைக்காவலில் கூட்டுக் குடும்பம். மாமா, அத்தை, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். ஆகஸ்ட் 6-ஆம் தேதி பெரியவனுக்கு (ஒன்பது வயது) தொண்டை வலி, காய்ச்சல், அடுத்து வறட்டு இருமல். பக்கத்துத் தெரு மருத்துவர் அமாக்சிசிலின் கொடுத்தார். ஐந்து நாள் ஒரு வேளை தவறாமல் கொடுத்தும், மாலையானால் காய்ச்சல் எட்டிப் பார்த்தது. பிறகு ஒருவழியாகத் தானே இறங்கியது. இருமல் மட்டும் மூன்று வாரம் தங்கியது.

ஆகஸ்ட் 25-இல் சின்னவளுக்கு (நான்கு வயது) அதே தொண்டை, அதே காய்ச்சல். அண்ணனுக்கு வாங்கிய மருந்தில் மீதி இருந்ததே என்று அதையே கொடுத்தேன். தவறுதான், திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளலாம். 28-ஆம் தேதி கணவருக்கு. அவருக்குக் காய்ச்சல் பெரிதாக இல்லை. அலுவலகம் போய் வந்துகொண்டேதான் இருந்தார். பத்து நாள் கழித்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு பக்கமும் நிமோனியா. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நோயாளியை உள்ளே அழைத்து வாருங்கள்" என்றாராம். நோயாளி எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவர் தேறும் சமயம், செப்டம்பர் 14-இல் மாமா. வயது 72, சர்க்கரை உண்டு. இரண்டே நாளில் சோர்ந்து படுத்துவிட்டார். ஆக்சிஜன் 91 காட்டியது. மருத்துவமனையில் சேர்த்தோம். ஊசி வழியாக ஓர் ஆன்டிபயாடிக், மாத்திரையாக இன்னொன்று. தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்த பி.சி.ஆர். பரிசோதனையில் 'மைக்கோபிளாஸ்மா நிமோனியே' என்று நேற்று முடிவு வந்தது. முந்தாநாளிலிருந்து எனக்கும் தொண்டை கரகரக்கிறது.

அத்தை முதல் நாளிலிருந்தே ஏ.சி.தான் காரணம் என்கிறார். கணவர் பள்ளிக்கூடம் என்கிறார். எதிர்வீட்டுப் பாட்டி திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்குப் புரியாதது இதுதான். ஒரே நோய் சுற்றி வருகிறது என்றால் ஏன் இருபது இருபது நாள் இடைவெளி? சாதாரணச் சளி வந்தால் ஒரு வாரத்துக்குள் வீடே படுத்து எழுந்துவிடுமே. பெரியவனுக்கு அமாக்சிசிலின் ஏன் கேட்கவில்லை? மிச்சம் இருப்பவர்கள் முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

நேர்ப்பேச்சு
செப்டம்பர் 20, இரவு 11.05

நிமோனியா ஒட்டிக்கொள்ளும் நோயே அல்ல. என் அப்பாவுக்கு இரண்டு முறை வந்தது. நான் பக்கத்திலேயே படுத்துப் பார்த்துக்கொண்டேன், எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. "இது பரவாது, பயப்படாதீர்கள்" என்று மருத்துவரே சொன்னார். உங்கள் வீட்டில் நடந்தது தற்செயல். பருவம் மாறும் நேரத்தில் எல்லோர் வீட்டிலும் இருமல்தான்.

மூன்று பிள்ளைத் தாய்
செப்டம்பர் 20, இரவு 11.20

தற்செயல் ஐந்து முறை நடக்குமா? மருமகள், முதலில் நீங்கள் தூங்கப் போங்கள். எல்லோரையும் பார்த்துக்கொண்டவருக்குக் கடைசியில் வருவது எல்லா வீட்டிலும் வழக்கம். உங்களுக்கு யார் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார்கள்?

ஸ்லைடும் சாயமும்
செப்டம்பர் 21, காலை 5.50

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவன் அல்ல, கிருமியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நேர்ப்பேச்சு தம்பி, நிமோனியா என்பது ஒரு நோயின் பெயரல்ல. நுரையீரலின் காற்றறைகளில் அழற்சி வந்து நீர் கோத்துக்கொள்ளும் நிலைக்குப் பெயர். 'வயிற்றுவலி' என்பது போல. எதனால் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் பரவுமா பரவாதா என்று சொல்ல முடியும். உங்கள் அப்பாவுக்கு எதனால் வந்தது என்று கேட்டீர்களா?

பெரும்பாலும் காணப்படும் நிமோகாக்கஸ் என்ற கிருமி, குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் நோயில்லாமலே குடியிருக்கும். தும்மலில் அடுத்தவர் மூக்குக்குப் போகும். ஆனால் போன இடத்திலெல்லாம் நிமோனியா வருவதில்லை. கிருமி பரவும், நோய் அரிதாகத்தான் தொடரும். 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் மாநாட்டுக்குப் போனவர்களைத் தாக்கிய லெஜியோனெல்லா வேறு ரகம். நீர்த்துளி, குளிரூட்டிக் கோபுரம் வழியாக வரும், வீட்டில் ஒருவர் இருமி மற்றவருக்குத் தராது. மருமகள் வீட்டுக்கு வந்திருக்கும் மைக்கோபிளாஸ்மா மூன்றாவது ரகம். இது குடும்பத்தில் கைமாறிக் கைமாறிப் போகிற கிருமி. பள்ளி, விடுதி, ராணுவ முகாம், கூட்டுக் குடும்பம் எல்லாம் இதற்கு உகந்த இடங்கள்.

இருபது நாள் இடைவெளிதான் இதன் அடையாளமே. உடலுக்குள் நுழைந்து அறிகுறி காட்ட ஒன்றிலிருந்து நான்கு வாரம் ஆகும். இரண்டு மூன்று வாரம் என்பது வழக்கம். குடல் கிருமி ஈ. கோலை சாதகமான சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இதற்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் வேண்டும். சோம்பேறிக் கிருமி. அதனால்தான் முதல் ஆள் தேறிய பிறகு அடுத்தவர் படுக்கிறார். வீட்டில் இருப்பவர்களும் இரண்டையும் சேர்த்து யோசிப்பதில்லை. உங்கள் தேதிகளைப் பாருங்கள். ஆகஸ்ட் 6-லிருந்து 25 வரை 19 நாள், 28 வரை 22 நாள். பெரியவனிடமிருந்து சின்னவளுக்கும் தகப்பனாருக்கும். ஆகஸ்ட் 25-லிருந்து செப்டம்பர் 14 வரை 20 நாள். பேத்தியிடமிருந்து தாத்தாவுக்கு. உங்களுக்கு 18-இல். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளையெல்லாம் சேர்த்துவைத்திருந்தால் இந்தக் கணக்கை நீங்களே போட்டிருப்பீர்கள்.

பெரியவனைப் பரிசோதிக்கவே இல்லை, ஆகவே முதல் கண்ணி அதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் கட்டுவேன்.

ஸ்லைடும் சாயமும்
செப்டம்பர் 21, காலை 6.25

அமாக்சிசிலின் பற்றிய கேள்வியை விட்டுவிட்டேன். அமாக்சிசிலின் போன்ற பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் கிருமியின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்துத்தான் கொல்கின்றன. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. சுவரில்லாத வீட்டுக்குக் கொத்தனாரை வரவிடாமல் தடுத்து என்ன பயன்?

எங்கள் ஆய்வகத்தில் இது எரிச்சலூட்டும் கிருமி. சுவர் இல்லாததால், பாக்டீரியாவை நுண்ணோக்கியில் பார்க்க ஏற்றும் கிராம் சாயம் பிடிக்காது. சளியை ஸ்லைடில் தேய்த்து, ஊதாவும் சிவப்பும் ஏற்றி, எண்ணெய் விட்டு மணிக்கணக்காகப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. சுயமாகப் பெருகக்கூடிய உயிர்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று. 1944-இல் ஈட்டன் என்ற அமெரிக்கர் இதைப் பிரித்தபோது, பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியிலேயே நழுவிப் போனதால் வைரஸ் என்றே பலர் நினைத்தார்கள். 1962-இல்தான் உயிருள்ள செல் இல்லாத அகார் என்ற வளர்ப்புக் கூழில் வளர்த்துக் காட்டி, இது பாக்டீரியா வகை என்று நிறுவினார்கள்.

பி.சி.ஆர். இல்லாத நாளில் நாங்கள் செய்த ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். உறையாமல் இருக்க மருந்து சேர்த்த குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஐஸ் தண்ணீரில் நிறுத்துவோம். அரை நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்து உருட்டினால், கண்ணாடியில் ரவை ரவையாக ரத்தம் திரிந்து நிற்கும். அதையே உள்ளங்கைக்குள் பொத்திவைத்தால் சூட்டில் திரள் கரைந்து மறுபடி நல்ல ரத்தமாக ஓடும். இந்தக் கிருமி வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குளிரில் ரத்த அணுக்களை ஒட்டவைக்கும் எதிர்ப்பொருள் உண்டாகும். வேறு சில நோய்களிலும் இது வரும் என்பதால் இதை வைத்து மட்டும் முடிவு சொல்ல மாட்டோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் காட்டினால் வாயைப் பிளப்பார்கள்.

அந்த மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள். குழந்தைக்கு நிமோனியா சந்தேகம் என்றால் முதலில் நிமோகாக்கஸை மனத்தில் வைத்து அமாக்சிசிலின் கொடுப்பதுதான் முறை. அந்தக் கிருமிதான் ஆளை வேகமாகக் கொல்லக்கூடியது. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்காதபோது நீங்கள் மறுபடி போயிருந்தால் அவர் மருந்தை மாற்றியிருப்பார்.

மாமாவுக்கு ஏன் இரண்டு ஆன்டிபயாடிக் என்று நீங்கள் கேட்கவில்லை, யாராவது கேட்பார்கள். சுவருள்ள கிருமிக்கு ஒன்று, சுவரற்ற கிருமிக்கு இன்னொன்று. பரிசோதனை முடிவு வருகிறவரை இரண்டு கதவையும் பூட்டி வைப்பார்கள்.

நேர்ப்பேச்சு
செப்டம்பர் 21, காலை 8.15

நல்ல விளக்கம், ஏற்றுக்கொள்கிறேன். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. சாப்பாடு புரையேறிப் புரையேறி நுரையீரலுக்குள் போனதால் வந்தது என்று சொன்னார்கள். அது பரவாததற்குக் காரணம் இப்போது புரிகிறது.

ஆனால் ஒன்று. பரவும் என்று தெரிந்த பிறகு ஏன் காத்திருக்க வேண்டும்? வீட்டில் எல்லோருக்கும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் கொடுத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடுமே. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். வயதுவாரியாக அளவு இதோ:

[நெறியாளர்: அளவுப் பட்டியல் நீக்கப்பட்டது. மருந்தின் பெயரைப் பேசலாம். யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை இங்கே எழுதக் கூடாது. இரண்டாவது முறை.]

ஊர்ச்செவிலி
செப்டம்பர் 21, காலை 9.30

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். நேர்ப்பேச்சு, கோபித்துக்கொள்ளாதீர்கள். கக்குவான் இருமல் வந்த வீட்டில் மற்றவர்களுக்கும் முன்கூட்டியே மருந்து கொடுப்போம், அது வேறு. மைக்கோபிளாஸ்மாவுக்கு நன்றாக இருக்கிற ஆளையெல்லாம் வரிசையில் நிறுத்தி மாத்திரை கொடுக்கும் வழக்கம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இது சளி, இருமலோடு போய்விடும். அசித்ரோமைசின் சிலருக்கு இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கும். மருமகளின் மாமியார் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?

மருமகள், இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

ஒன்று, சின்னவள் இப்போது எப்படி மூச்சு விடுகிறாள்? தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், குழந்தை மூச்சு சீராக இருக்காது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50. இரண்டு மாதத்துக்குள் 60. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஆக்சிமீட்டரை விட இந்தக் கண்ணை நான் நம்புவேன். அழுகிற குழந்தையின் விரலில் அந்தக் கருவி நிற்காது. நகப்பூச்சு, சில்லிட்ட விரல் என்றாலும் தப்பாகக் காட்டும்.

இரண்டாவது, வீட்டில் யார் எங்கே படுக்கிறீர்கள்?

தூரதேசத்தான்
செப்டம்பர் 21, காலை 10.10

தோக்கியோவில் இருக்கிறேன். ஜப்பானில் இந்தக் கிருமிக்கு ஒரு காலத்தில் 'ஒலிம்பிக் நோய்' என்றே பெயர். 1984, 1988 என்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பெரிதாக வந்ததால். பிறகு அந்தக் கணக்கு குலைந்தது. 2024-இல் மிகப் பெரிய அலை வந்தது. ஒலிம்பிக் ஆண்டும் அதுதான் என்று அலுவலகத்தில் சிரித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவிலும் கூடியது. அங்கே இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளிடம் வழக்கத்தை விட அதிகம் கண்டார்கள். முன்பெல்லாம் இது பள்ளி வயதுக் குழந்தைகளின் நோய் என்றே பாடம்.

எங்கள் வீட்டிலும் மகளுக்கு வந்தது. இங்கே கவலை வேறு. அசித்ரோமைசின் வகை மருந்துக்கே எதிர்ப்பு பெற்ற கிருமி ஜப்பானிலும் சீனாவிலும் ஏராளம். மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் திரும்பி வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்று மருத்துவர் முதல் நாளே தேதி குறித்துக் கொடுத்தார். எங்களுக்கு மாற்ற வேண்டி வந்தது. நேர்ப்பேச்சு அவர்களே, வீட்டுக்கு வீடு 'எதற்கும் இருக்கட்டும்' என்று மாத்திரை விழுங்கினால் நிலைமை எங்கே போய் நிற்கும் என்பதற்கு நான் இருக்கும் ஊரே சாட்சி.

நேர்ப்பேச்சு
செப்டம்பர் 21, காலை 10.25

சரி, சரி. பட்டியலை நெறியாளர் ஏற்கெனவே கிழித்துவிட்டார்.

ஆனைக்கா மருமகள்
செப்டம்பர் 21, பிற்பகல் 2.15

அக்கா, எண்ணினேன். பகல் தூக்கத்தில் 26. இரண்டு முறை எண்ணினேன், இரண்டாவது முறை 27. விலா உள்வாங்கவில்லை. இருமல் இருக்கிறது, விளையாடுகிறாள், தோசை கேட்கிறாள்.

படுக்கை பற்றி: வீட்டில் ஓர் அறையில்தான் ஏ.சி. ஆகஸ்டு புழுக்கத்தில் ஐந்து பேரும் அதில்தான் படுத்தோம். கட்டிலில் மாமா, அவர் பக்கத்தில் சின்னவள் (கதை கேட்காமல் தூங்க மாட்டாள்), கீழே பாய் விரித்து நாங்கள் மூவர். குளிர் வெளியே போகக் கூடாது என்று கதவிடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி வைப்போம். அத்தைக்கு ஏ.சி. ஒத்துக்கொள்ளாது. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே, முற்றத்தைப் பார்த்துத் தலைவைத்துப் படுப்பார்.

கணவருக்கு மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதியிருந்தார். முதல் இரண்டு நாள் பாலோடு விழுங்கினார். மருந்துக் கடைப் பையன்தான் கண்டுபிடித்துச் சொன்னான்.

ஊர்ச்செவிலி
செப்டம்பர் 21, பிற்பகல் 2.40

கெட்டிக்காரப் பையன். பாலில் உள்ள கால்சியம் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேராது. ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுக்கவும் கூடாது, மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலிலும் அலைய வேண்டாம்.

26, 27 நல்ல எண்ணிக்கை. நிம்மதி.

படுக்கை விவரம்தான் நான் எதிர்பார்த்தது. ஸ்லைடு ஐயா பார்த்தாரா?

மூன்று பிள்ளைத் தாய்
செப்டம்பர் 21, மாலை 4.05

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் இரண்டாவது பெண்ணுக்கு இதே கிருமி வந்தபோது இருமல் குறைந்த சமயத்தில் உதடும் வாயும் புண்ணாகித் தோல் உரிந்தது, கண்ணும் சிவந்தது. நான் உடற்சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வீணானது. பிறகு மருத்துவமனையில் ஒரு வாரம். இந்தக் கிருமி தோலையும் வாயையும் கூடத் தாக்கும் என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். அரிதுதான், ஆனாலும் கண்ணில் வைத்திருங்கள்.

ஆவி பிடிப்பவர்கள் குழந்தைக்குப் பிடிக்க வேண்டாம். நொச்சி இலை நல்லதாக இருக்கலாம். கொதிக்கும் பாத்திரம் மடியில் கவிழ்ந்தால் நிமோனியாவை விடப் பெரிய துன்பம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தூங்கும் முன் ஒரு கரண்டி தேன் கொடுங்கள், இரவு இருமலுக்கு இதமாக இருக்கும். ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம்.

ஊர்ச்செவிலி
செப்டம்பர் 21, மாலை 4.30

இன்னொரு கவலையையும் சொல்லாமல் விட மாட்டேன், என் தொழில் புத்தி. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் நம் ஊரில் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். மைக்கோபிளாஸ்மா இருமலும் வாரக்கணக்கில் இழுக்கும், காசநோய் இருமலும் இழுக்கும். காதில் கேட்டுப் பிரிக்க முடியாது. மாமாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் பார்ப்பார்கள். "நல்ல ஆன்டிபயாடிக்" என்று கடையில் லெவோஃப்ளாக்சசின் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். அது காசநோயைக் கொஞ்சம் அமுக்கி வைக்கும். நோய் இருக்கும், அடையாளம் மறையும். அப்படி மாதக்கணக்கில் தாமதமானவர்களை நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஸ்லைடும் சாயமும்
செப்டம்பர் 21, மாலை 5.45

செவிலி அம்மா காசநோயைத் தொட்டதால் எனக்கும் வாய் திறக்கிறது. நோயாளியை வீட்டை விட்டு அகற்றினால்தான் குடும்பம் பிழைக்கும் என்று உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. அப்படி அகற்றி வைத்த காசநோய் மருத்துவமனைக்குத்தான் சானடோரியம் என்று பெயர். தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயர் அந்தக் காலத்தின் மிச்சம். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், பாதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் பாதியை அவரவர் நெரிசல் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்த மனைவி மக்களைத் தொடர்ந்து கவனித்தபோதும், சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தை விட அதிகமாக நோய் வரவில்லை. பரவ வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே பரவிவிடுகிறது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட அந்தச் சென்னை ஆய்வும் ஒரு காரணம்.

மைக்கோபிளாஸ்மாவுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. மருந்து முடிந்த பிறகும் சில வாரம் தொண்டையில் கிருமி தங்கியிருக்கலாம். ஆனாலும் 'யாரைத் தனியறையில் பூட்டுவது' என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். ஆறு பேர் இருக்கும் வீட்டில் தனியறை எங்கே இருக்கிறது?

இப்போது படுக்கை. ஆறு பேரில் ஐந்து பேர் ஒரே அறை, ஐவருக்கும் நோய். ஒருவர் கூடம், அவருக்கு இல்லை. அந்த அறையில் இருப்பது உள்ளே உள்ள காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும் இயந்திரம். வெளிக்காற்றைக் கொண்டுவராது. கதவிடுக்கில் புடவை வேறு. எட்டு மணி நேரம் ஐந்து பேர் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்கியிருக்கிறீர்கள். சின்னவள் தாத்தாவின் காதோரம் இருமிக்கொண்டே கதை கேட்டிருக்கிறாள். இந்தக் கிருமிக்கு நெருக்கமும் நேரமும்தான் தேவை, இரண்டையும் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆகவே மருமகள், உங்கள் மாமியார் சொன்னது...

நேர்ப்பேச்சு
செப்டம்பர் 21, மாலை 5.58

ஐயா, அந்த வாக்கியத்தை முடிக்காதீர்கள். என் வீட்டிலும் ஒரு மாமியார் இருக்கிறார். இதைப் படித்தால் கோடை முழுக்க எனக்கு விசிறிதான்.

ஸ்லைடும் சாயமும்
செப்டம்பர் 21, மாலை 6.10

முடிக்காமல் இருக்க முடியாது. குளிர் நிமோனியாவைத் தராது. ஐஸ்கிரீமும் தராது, ஈரத்தலையும் தராது. ஆனால் ஏ.சி.க்காக மூடிய கதவும் ஜன்னலும் தரும். காரணம் தவறு, குற்றவாளி சரி.

இனிமேலாவது இருமல் ஓய்கிறவரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துப் படுங்கள். இருமுகிறவர் வீட்டுக்குள்ளும் முகக்கவசம் போடலாம். தாத்தா வீடு திரும்பியதும் பேத்தி கொஞ்ச நாள் எதிரே உட்கார்ந்து கதை கேட்கட்டும், மடியில் வேண்டாம்.

தூரதேசத்தான்
செப்டம்பர் 21, மாலை 6.30

மைக்கோபிளாஸ்மாவுக்குத் தடுப்பூசி உண்டா ஐயா?

ஊர்ச்செவிலி
செப்டம்பர் 21, மாலை 6.50

நான் சொல்கிறேன். கிடையாது. நிமோகாக்கஸுக்கு உண்டு. தமிழ்நாட்டில் 2021-இலிருந்து அரசே குழந்தைகளுக்குப் போடுகிறது; ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். ஹிப் என்ற இன்னொரு நிமோனியாக் கிருமிக்கு 2011 டிசம்பரிலிருந்தே ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் சேர்த்துவிட்டார்கள். நாட்டிலேயே முதலில் தொடங்கியது நாமும் கேரளமும்தான். அந்த ஊசி வந்த புதிதில் குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவள் நான். மருமகளின் மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதால், தேறியதும் பெரியவர்களுக்கான நிமோகாக்கஸ் ஊசி பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். இதே நுரையீரலுக்கு அடுத்த தடவை வேறு விருந்தாளி வரக் கூடாது.

ஆனைக்கா மருமகள்
செப்டம்பர் 27, இரவு 9.15

ஆறு நாள் கழித்து வருகிறேன். மாமா நேற்று வீடு வந்துவிட்டார். ஆக்சிஜன் 96. குளியலறை வரை நடந்து போய் வந்து உட்கார்ந்தால் இன்னும் மூச்சு வாங்குகிறது; முழுதாகத் தேற வாரங்கள் ஆகும் என்று சொல்லி அனுப்பினார்கள். சளியைக் காசநோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தோம், இல்லை என்று வந்தது. செவிலி அக்காவுக்கு நன்றி.

எனக்கு மருத்துவர் அசித்ரோமைசின் கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றது. இருமும்போது விலா வலிக்கிறது, அவ்வளவுதான். கஞ்சி யார் வைக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்களே? கணவர் வைக்கிறார். முதல் நாள் அடிப்பிடித்தது. அதையும் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அத்தைக்கு இன்று வரை ஒன்றும் இல்லை. வெற்றிலை போடுவதால்தான் தனக்கு வரவில்லை என்று போன வாரம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்களில் யாரோ ஸ்லைடு ஐயா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டார்கள். யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், கணவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஸ்லைடும் சாயமும்
செப்டம்பர் 27, இரவு 9.40

அவருக்கும் கிருமி வந்து அறிகுறி காட்டாமல் போயிருக்கலாம், அப்படியும் நடக்கும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்தால் ஏதாவது தெரியலாம். ஆனால் அதற்காகக் காசைச் செலவழிக்காதீர்கள். வெற்றிலைக்கும் ஒரு பங்கு பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். புகையிலை சேர்க்கிறார் என்றால் மட்டும் என்னிடம் சொல்லுங்கள், அதற்கு வேறு இழை திறக்கிறேன்.

ஆனைக்கா மருமகள்
செப்டம்பர் 27, இரவு 9.55

புகையிலை இல்லை ஐயா, பாக்கும் சுண்ணாம்பும்தான். "காரணம் தவறு" என்ற பகுதியை அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. "குற்றவாளி சரி" என்பதை மட்டும் எதிர்வீட்டுப் பாட்டி வரை போய்ச் சொல்லியாகிவிட்டது. ஏ.சி. ரிமோட்டை இரண்டு நாளாகத் தேடினோம். இன்று ரசத்துக்குச் சீரகம் எடுக்க அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன், கடுகுக்குப் பக்கத்தில் அதன் பாட்டரி இரண்டும் இருந்தன.